ஜவ்வரிசிக் கஞ்சி குடித்த விமானம்

நாகரத்தினம் இருபத்தேழு வருஷம் அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். அந்தக் கண் வீட்டுக்கு வந்த பிறகும் ஓயாது. உப்புமாவில் எத்தனை கடுகு வெடிக்கவில்லை என்று எண்ணிச் சொல்லுவாள் என்று அவள் கணவர் கந்தசாமி, அவர்கள் குடியிருந்த டெக்ஸாஸ் ஃபிரிஸ்கோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் பாதி பொய். மீதிப் பாதி உண்மை, அதனால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

அவர்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் மூன்று கார் நிற்கும் கராஜ் உண்டு. இரண்டில் கார் நிற்கும். மூன்றாவதில் தண்ணீர் பாட்டில் அட்டைகளும் கொலுப்படிகளும், பிள்ளை காலேஜ் போனதும் அநாதையான சைக்கிளும் கிடக்கும். நாகரத்தினம் வீட்டு மூன்றாவதில் ஒரு போர் விமானம் நின்றது. ஆமாம், போர் விமானம்தான். மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி, நடுவில் கட்டைகளும் கம்பிகளும், முன்னால் மரப் புரொப்பெல்லர். தெருக்காரர்கள் முதலில் ஏதோ கல்யாண டெக்கரேஷன் என்று நினைத்தார்கள்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது லண்டனில். கம்பெனி மூன்று மாதம் அங்கே அனுப்பியபோது, பக்கத்தில் கிங்ஸ்டன் என்ற ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தாள். விடாத மழை, பேச்சுக்கு ஆள் இல்லை. வீட்டுக்காரம்மா ஒருநாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, இந்த ஊரில்தான் சாப்வித் கம்பெனி முதல் உலகப் போருக்கு விமானம் செய்தது, அதுவும் ஸ்கேட்டிங் விளையாடும் கொட்டகை ஒன்றை விலைக்கு வாங்கி அதற்குள்ளேயே ஆரம்பித்தது என்று சொன்னாள். விமானத்தின் படத்தை முழு அளவில் சாக்பீஸால் தரையிலேயே வரைவார்களாம். அதன்மேல் கட்டையை வைத்து அறுப்பார்களாம். கோலம் போட்டு விமானம் செய்திருக்கிறான்களே படுபாவிகள் என்று நாகரத்தினத்துக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்புறம் அவள் படித்துத் தள்ளியதற்கு அளவில்லை. ஷார்ட் சகோதரர்கள் ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் பலூன் தைத்துக்கொண்டிருந்தவர்கள். பிரிஸ்டல்காரர்கள் டிராம் வண்டி நிறுத்தும் ஷெட்டில் தொடங்கியவர்கள். அவ்ரோ கம்பெனிக்கு, ஆரம்பித்தவனுடைய தம்பிக்காரன் பேண்ட்டைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை செய்து விற்ற காசு முதலாய் வந்தது. இறக்கைக்குத் துணி தைத்தது ஆயிரக்கணக்கான பெண்கள். ஆக, ஒருத்தனுக்கும் ஆரம்பத்தில் ஒழுங்கான இடமில்லை, ஒழுங்கான படிப்பும் பாதிப் பேருக்கு இல்லை. நமக்கு என்ன கேடு, மூன்று கார் கராஜ் இருக்கிறது, சேலத்தில் வாங்கிய பி.இ. இருக்கிறது என்று அவள் முடிவுகட்டினாள்.

அவள் தேர்ந்தெடுத்தது சாப்வித் பப். பப் என்றால் நாய்க்குட்டி. அந்தப் பெயர் ராணுவத்துக்குக் கௌரவக் குறைச்சலாய்ப் பட்டு, அப்படிக் கூப்பிடாதே என்று மேலிடத்தில் உத்தரவு போட்டதாகவும், உத்தரவு வந்த பிறகுதான் எல்லோரும் அப்படியே கூப்பிட்டதாகவும் கதை. அதன் வரைபடத்தை விலைக்கு வாங்கினாள். அதைக் கராஜ் தரையில் கோலமாவால் முழு அளவில் இழுத்து, அதன்மேல் கட்டை வைத்து, ஆறு வருஷம் உழைத்தாள். நடுவில் பக்கத்துச் சின்ன ஏர்போர்ட்டில் சேர்ந்து ஐம்பத்தேழாவது வயதில் விமானம் ஓட்ட லைசென்ஸும் எடுத்துவிட்டாள். பழைய காலத்து எஞ்சின் கிடைக்காததால் கார் எஞ்சினை மாற்றிப் பொருத்தினாள். அசல் எஞ்சினுக்கு மசகெண்ணெய் விளக்கெண்ணெய்தான், அந்தப் புகையைச் சுவாசித்த பைலட்டுகளுக்கு வயிறு கலக்கிவிடும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். கந்தசாமி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தார், சிரித்தார், புரையேறும்வரை சிரித்தார். பிறகு போகிற வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதையே சொன்னார்.

விமானத்தைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே கருத்து அந்த விளக்கெண்ணெய்தான். மற்றபடி கராஜுக்குள் கால் வைக்க மாட்டார். இறக்கைகள் பக்கத்து இடத்தையும் அடைத்துக்கொண்டதால் அவருடைய கார் ஆறு வருஷமாக டெக்ஸாஸ் ஆலங்கட்டியில் நின்று மண்டையெல்லாம் சொட்டை விழுந்திருந்தது. அந்த வருத்தம் மனுஷனுக்கு இருக்காதா?

இப்படி இருக்கையில்தான் மகள் ரோஷினி கலிஃபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து அழைத்தாள். இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது, டேகேர் வெயிட்டிங் லிஸ்ட் ஒன்றரை வருஷம், வந்து கூடவே இருங்கள் என்றாள். கந்தசாமி மறுநாளே வீட்டை விற்கப் போட்டார். நாலே நாளில் ஆள் வந்துவிட்டது. ஜூன் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை க்ளோசிங். அன்று சாவியைக் கொடுத்துவிட வேண்டும், கராஜ் காலியாக இருக்க வேண்டும். ரோஷினி வீட்டில் கராஜே இல்லை, சுவரில்லாத கார்போர்ட்தான்.

நாகரத்தினம் சமையலறையில் நின்றபடி யோசித்தாள். பிறகு கணவரிடம் வந்து ஒரு பேரம் பேசினாள். க்ளோசிங்குக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அதில் பறந்துவிடுகிறேன், அதற்கப்புறம் ஒக்லஹோமாவில் ஆசையாய்க் கேட்கிற பல் டாக்டருக்கே விற்றுவிடுகிறேன், அழ மாட்டேன் என்றாள். “ஒரு தடவைதானே?” என்று கேட்டார் கந்தசாமி. “ஒரே தடவை” என்றாள். அப்போது ஏப்ரல் கடைசி. இறக்கைகளுக்கு இன்னும் துணி போர்த்தவில்லை.

துணிதான் விஷயமே. வெறும் துணியைப் போர்த்தினால் காற்று நடுவே புகுந்து போகும், தொய்யும். மேளத்துத் தோல் மாதிரி அது விறைக்க வேண்டும். இந்தக் காலத்தில் அதற்கென்றே பாலியெஸ்டர் துணியும் பூச்சும் விற்கிறார்கள். ஆனால் நாகரத்தினத்துக்கு அசல் லினன்தான் வேண்டும். அதிலும் ஒரு பழைய குறிப்பில், சரியான பூச்சு வருவதற்கு முந்தைய நாட்களில் இங்கிலீஷ்காரர்கள் சிலர் இறக்கைத் துணிக்குச் சேகோ கஞ்சியைக் காய்ச்சிப் பூசினார்கள் என்று படித்தாள். அதைச் சத்தம் போட்டு வேறு படித்தாள். அங்கேதான் வந்தது வினை.

ஹாலில் டிவி அணைந்தது. கந்தசாமி எழுந்து வந்தார். அவர் ஆத்தூர்க்காரர். அவர் அப்பா முதல் சித்தப்பா மகன் வரை அத்தனை பேரும் சேகோ ஃபேக்டரிக்காரர்கள். வெள்ளைக்காரன் இறக்கையில் ஜவ்வரிசியா என்று அவருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

“ரத்தினம், இதை ஆறு வருஷம் முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

ஆறு வருஷம் எட்டிப் பார்க்காத மனிதர் அன்று கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்தியன் ஸ்டோருக்கு ஓடி இருபது பாக்கெட் ஜவ்வரிசி வாங்கினார். மாவு ஜவ்வரிசி ஆகாது, நைலான் ஜவ்வரிசிதான் ஆகும், இல்லையில்லை இரண்டும் கலக்க வேண்டும் என்று தனக்குத்தானே விவாதம் நடத்தினார். பின்கட்டில் கேஸ் அடுப்பை வைத்து, கோயில் அன்னதானத்துக்கு வாங்கிய பெரிய அண்டாவை ஏற்றி, கரண்டியை யாரையும் தொடவிடாமல் கிண்டினார். நாகரத்தினத்துக்கோ சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. கட்டினவர் ஆறு வருஷம் கழித்துக் கூட்டு சேர்கிறாரே, கஞ்சியைப் போய் யார் ருசி பார்ப்பார்கள்? ஒரு சின்னச் சட்டத்தில் துணி கட்டிப் பூசிப் பார்த்தாள். காய்ந்ததும் விரலால் தட்டினால் தவில் மாதிரி பேசியது. போதும் என்று கீழ் இறக்கை இரண்டுக்கும் இரண்டு பூச்சுப் பூசிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில். இரண்டு இறக்கையையும் டிரைவ்வேயில் மரத் தாங்கிகள்மேல் காயவைத்துவிட்டு இருவரும் அனுமார் கோயிலுக்குப் போனார்கள். மனசு நிறைந்து, வடைமாலைப் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் எதிர்வீட்டு ஹம்சாவிடமிருந்து போன் வந்தது. ஹம்சா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள், பதறாத பெண். அன்று குரல் பதறியது. “ஆன்ட்டி, சீக்கிரம் வாங்க. உங்க ஏரோப்ளேனை ஏதோ தின்னுட்டிருக்கு.”

வந்து பார்த்தால் இறக்கையே தெரியவில்லை. கறுப்பாய் மூடிக்கிடந்தது. மளிகைக்கடை பார்க்கிங் லாட்டில் சாயங்காலம் ஆயிரம் ஆயிரமாய்க் கூடிக் கத்துமே அந்த நீளவால் கிராக்கிள், நாகரத்தினம் டெக்ஸாஸ் காக்கா என்று சொல்லுவாளே, அதுகள் குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்திருந்தன. கந்தசாமி ஹாரன் அடித்தார், கைதட்டினார், பிரசாத வடையைக்கூட எறிந்தார். வடையையும் தின்றுவிட்டுத்தான் அவை போயின. இறக்கைகள் சல்லடைக்கண்ணாய்க் கிடந்தன.

நாகரத்தினம் இறக்கைப் பக்கம் குனிந்தாள். ஒரு துளையில் விரலை விட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள்.

“என்னங்க, கஞ்சியில என்ன போட்டீங்க?”

“சேகோ.”

“அப்புறம்?”

“தண்ணி.” கழுத்தைச் சொறிந்துகொண்டார். “உப்பு. கொஞ்சம் சீரகம். பச்சை மிளகா அரைச்சு, வடிகட்டித்தான் ஊத்தினேன். பெருங்காயம் ஒரு சிட்டிகை.”

“ஏங்க?”

“போடாம எப்படி ரத்தினம்? சப்புன்னு இருக்குமே.”

வடாம் கூழ் தவிர வேறெதற்கும் அந்த மனிதர் வாழ்க்கையில் ஜவ்வரிசி காய்ச்சியதில்லை. கை தன்பாட்டுக்கு உப்பை எடுத்திருக்கிறது, சீரகத்தை எடுத்திருக்கிறது. சரி, பச்சை மிளகாயாவது காப்பாற்றியிருக்கக் கூடாதா என்றால், பறவைக்குக் காரமே தெரியாதாம்! அப்படிப்பட்ட ஜாதகம்.

நாகரத்தினம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். க்ளோசிங்குக்கு ஐந்து வாரம்கூட இல்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. கந்தசாமி தானே ரசம் வைத்து, தானே சாப்பிட்டு, தானே பாத்திரம் கழுவினார். மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கும்போது “சப்புன்னு இருக்குமே” என்பது அவளுக்கு நினைவு வந்தது. பேஸ்ட் நுரையோடு சிரித்தாள். கண்ணாடியெல்லாம் தெறித்தது. சிரித்து முடித்ததும் ஒரு உண்மையும் உறைத்தது. சரியாய் நடக்கிற வழியை மட்டும் சோதித்துவிட்டு டெஸ்டிங் முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள் என்று இருபத்தேழு வருஷம் சின்னப் பிள்ளைகளைத் திட்டியவள், தட்டிப் பார்த்தாளே ஒழிய நக்கிப் பார்க்கவில்லை. குற்றம் அவருடையது பாதி, தன்னுடையது பாதி.

அன்றே லினனைக் கிழித்தெறிந்தாள். கௌரவம் பார்க்காமல் பாலியெஸ்டருக்கு ஆர்டர் போட்டாள். அளவெடுத்து உறை தைக்க ஹம்சா வந்தாள். இவ்வளவு பெரிய கை வைத்த பிளவுஸை வாழ்க்கையில் தைத்ததில்லை ஆன்ட்டி என்று சொல்லிச் சொல்லித் தைத்தாள். அந்தத் துணியை விறைக்கவைப்பது எப்படித் தெரியுமா? இஸ்திரிப் பெட்டியால். சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஜாதி அது. சூடு மிஞ்சினால் உருகும், குறைந்தால் தொய்யும். நாகரத்தினம் வீட்டு இஸ்திரி கல்யாணமான நாளிலிருந்து கந்தசாமி கையில்தான். அவர் தேய்த்த சட்டையில் சுருக்கம் காட்டினால் மீசையை எடுத்துவிடுவதாகப் பந்தயம் கட்டியவர். சூட்டுமானியை ஒட்டிவைத்துக்கொண்டு, வாய் திறக்காமல், பதினோரு நாள் நாலு இறக்கையையும் வாலையும் தேய்த்துக் கொடுத்தார். அவள் அவருக்குத் துணி டிபார்ட்மென்ட் மேனேஜர் என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகும் அவள் கண்முன் சமையலறைப் பக்கம் மட்டும் போகவில்லை. பூச்சு வேலையையும் பரிசோதகர் வருகையையும் அவள் பார்த்துக்கொண்டாள். உட்காரும் இடத்தில் தலைசாய்க்கிற சின்ன மெத்தைக்கு மட்டும் ஏதாவது உறை போட்டுவிடுங்கள் என்று அவரிடம் கொடுத்தாள்.

விமானத்தை டிரெய்லரில் ஏற்றி, ஊருக்கு வடக்கே புல்வெளி ரன்வே உள்ள ஒரு சின்ன ஏர்ஃபீல்டுக்குக் கொண்டுபோனார்கள். அரசாங்கம் அனுப்பிய பரிசோதகர் வந்தார். பேச்சே இல்லாத, நெட்டையான மனிதர். கம்பிகளைச் சுண்டினார், ஆணிகளைத் திருகினார். இறக்கைத் துணியை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இதை இறுக்கியது யார் என்று கேட்டார். நாகரத்தினம் கணவரைக் காட்டினாள். பரிசோதகர் கந்தசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். கந்தசாமி வீடு வரும்வரை அந்தக் கையால் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, இடது கையாலேயே ஓட்டினார்.

அதற்கப்புறம் காற்று. பப் விமானத்துக்கு டெக்ஸாஸ் காற்று ஆகாது. ஜூன் நாலாம் தேதி காற்று. ஐந்து, ஆறு மழை. ஏழு, எட்டு மறுபடி காற்று. வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. நாகரத்தினம் தினம் விடியலில் எழுந்து, எதிர்வீட்டுக் கொடி அசைகிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளுவாள். ஒரு தடவைகூட நடக்காது போலிருக்கு என்று ரோஷினியிடம் போனில் சொன்னாள். கந்தசாமி பக்கத்தில் நின்று பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கொடி தூங்கியது.

ஆறரை மணிக்குப் புல்லில் இன்னும் ஈரம் இருந்தது. கந்தசாமி சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் வால்கட்டைக்கும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தார். விமானத்துக்கு நாலாவது சக்கரம் இல்லாதது அவருக்குக் கடைசிவரை குறையாகவே இருந்தது. நாகரத்தினம் தலைக்கவசத்தை மாட்டி, பக்கவாட்டில் கால்போட்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரே ஆள் உட்காரும் விமானம் அது. எஞ்சின் பிடித்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, புல் தடதடவென்று ஓடியது. வால் தூக்கியது. பிறகு அந்தத் தடதடப்பு நின்றுபோனது.

அவ்வளவுதான். தரை இல்லை.

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. முருகா என்றுதான் ஆரம்பித்தாள், முடிவில் சிரிப்பாய் வந்து விழுந்தது. கீழே கொட்டகைகளும் குளமும் தூரத்தில் புதுப்புது வீட்டுக் கூரைகளும் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. கம்பிகள் ஊளையிட்டன. இரண்டு அடுக்கு இறக்கையும், ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வெயிலில் நின்றன. எழுநூறு அடிக்கு ஏறி ஒரு வட்டம் அடித்தாள். சூரியன் நேரே வந்து உள்ளே அடித்தது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் எஞ்சினில் ஏதோ கருகுகிறது என்று பயந்துபோனாள். மானிகளைப் பார்த்தாள், எல்லாம் சரி. மறுபடி மூச்சை இழுத்தாள். பெருங்காயம். சீரகம். தலைக்குப் பின்னால், சாய்ந்திருந்த மெத்தையிலிருந்து வந்தது. கிழித்தெறிந்த லினனில் ஒரு துண்டை அந்த மனிதர் எடுத்து வைத்து, அதில் உறை தைத்திருக்கிறார். நாகரத்தினம் எழுநூறு அடி உயரத்தில் ஆகாயத்தில் தனியாய் உட்கார்ந்து, “பாவி மனுஷா” என்று சொல்லி அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாய் வந்தது. தலைக்கவசத்தின் கண்ணாடி உள்பக்கம் மங்கிவிட்டது.

இறங்கும்போது விமானம் இரண்டு தடவை துள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தது. கந்தசாமி புல்லில் ஓடிவந்தார். ஐந்து வருஷத்தில் அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியது. கையில் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

“ஹெட்ரெஸ்ட்ல என்னங்க அது?” என்று கேட்டாள்.

“ஒரு முழம் நல்லாத்தான் இருந்துச்சு. அதை ஏன் வேஸ்ட் பண்ணணும்?”

“ஒக்லஹோமா டாக்டர் வந்து மோந்து பார்த்தா நான் என்ன சொல்றது?”

கந்தசாமி வானத்தைப் பார்த்தார். டாக்டருக்கு நேற்றே போன் போட்டு, விற்கிறதாக இல்லை என்று சொல்லிவிட்டாராம். சான் ரமோனுக்குப் பக்கத்தில் லிவர்மோர் ஏர்போர்ட்டில் விமானம் நிறுத்த வெயிட்டிங் லிஸ்ட்டில் பேர் கொடுத்தாயிற்றாம். ஃபாரம் நிரப்பியது ரோஷினியாம். இடம் கிடைக்கும்வரை இங்கேயே ஒரு கொட்டகையில் நிறுத்திக்கொள்ள ஆளைப் பிடித்துப் பேசிவிட்டாராம். இத்தனையையும் அவர் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே செய்திருக்கிறார்.

நாகரத்தினம் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். ஒரே தடவை என்று வாக்குக் கொடுத்தது அவளல்லவா?

அவர் சக்கரத்துப் பக்கம் குனிந்து, பையிலிருந்து புதுசாய் மூன்று எலுமிச்சம்பழங்களை எடுத்தார்.

“க்ளோசிங் வெள்ளிக்கிழமைதானே? இன்னும் ரெண்டு காலை இருக்கு ரத்தினம்.”